ஐம்பத்தெட்டுப் பல்

ரிக்கோட்டிக் கணவாய் ஏறும்போதுதான் நிற்கிறதாம்.
கீழே, குத்தாயிசித் தெருக்களில், ஒரு தொல்லையும் இல்லை.
மண்பாண்டக் கடைகளுக்கு எதிரே ஓரங்கட்டி
நாற்பது நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால்
தானே கிளம்பிவிடும்.
பின்சீட்டில் இருப்பவர்கள்
பாதிக் கட்டணம்தான் தருவார்கள்.
லாமாரா இதைச் சொல்லி முடித்து
சாவியை மேசையில் வைக்கவில்லை. எறிந்தாள்.

ஸ்கேனர் ஒரு வரி எழுதிக் காட்டியது:
கேம்ஷாஃப்டும் கிராங்க்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
யார் பொய் என்று சொல்லாது,
புருஷன் பெண்டாட்டி சண்டையைச்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட
குடித்தனக்காரன் மாதிரி.

கோச்சா அதற்குள் புதுப் பெட்டியைப் பிரித்துவிட்டான்.
போன மாதம் இதே வண்டிக்கு
கிராங்க் சென்சார் மாற்றியவன் அவன்தான்.
அதற்கு முன்னால் ஸெஸ்தாஃபோனியில் யாரோ ஒருவன்.
இது மூன்றாவது.
நான் முறைத்ததும் பெட்டியை மூடினான்.
"அப்போ செயின். நீண்டிருக்கும்."
செயின் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும்,
எழுநூறு லாரி.
தொகையைச் சொல்லும்போது
அவன் பார்த்தது சுவர்க் காலண்டரை.

பிரிக்கவில்லை.
ஒயரின் முதுகில் இரண்டு ஊசி குத்தி
ஆஸிலோஸ்கோப்பை ஓடவிட்டேன்.

பற்சக்கரத்தில் அறுபது பல்லுக்கு இடம்,
இருப்பது ஐம்பத்தெட்டு.
இரண்டை வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.
அந்தப் பொக்கை கடந்து போகும்போதுதான்
தான் எங்கே நிற்கிறோம் என்று
எஞ்சினுக்குத் தெரியும்.
பல் போனால் சொல் போச்சு என்பது மனுஷனுக்கு.
இங்கே பல் இல்லாத இடத்திலிருந்துதான்
முதல் சொல்.

விசிறி மூன்று முறை சுற்றி ஓய்ந்தது.
வண்டி கணவாய்ச் சூட்டுக்கு வந்தாயிற்று.
திரையில் கூர்கூராக மலை,
மலை, மலை, பிறகு பள்ளம், மறுபடி மலை.
கீழ்க்கோட்டில் கேம் தன் படிகளைவிட்டு
மயிரிழை நகரவில்லை.
செயின் மேல் போட்ட பழி அதோடு தீர்ந்தது.

ஸ்க்ரூடிரைவர் பிடியால்
ஒயர்க்கட்டைத் தட்டிக்கொண்டே போனேன்,
டாக்டர் முதுகைத் தட்டுகிற மாதிரி.
ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால்,
விளக்கும் கையும் ஒன்றாக நுழையாத சந்தில்,
ஒரு தட்டு.

திரையில் இன்னொரு பொக்கை.

கம்ப்யூட்டர் அதையும் நம்பியது.
நடுவழியில் மறுபடி ஒன்று என்று எண்ணத் தொடங்கி
பொறியை எங்கே விடுவதென்று தெரியாமல்
விட்டுவிட்டது.
எஞ்சின் இருமி, நின்றது.

கால் அங்குலம்.
இரும்புப் பட்டையில் உரசி உரசி
ஒயரின் தோல் அவ்வளவுதான் போயிருந்தது.
ஏற்றத்தில் எஞ்சின் முக்கி ஒருபக்கம் சாயும்,
சூட்டில் இளகிய உறை விலகும்,
செம்பு இரும்பைத் தொடும்.
ஆறினால் விலகிக்கொள்ளும்,
ஒன்றும் நடக்காத மாதிரி.

ஒரு சாண் புது ஒயர், மேலே உறை, ஒரு கட்டு.
பதினைந்து லாரி என்றேன்.
லாமாரா சந்தோஷப்படவில்லை.
"அப்போ முதலில் போட்ட இரண்டு?"

கோச்சா குழாயடியில்
ஏற்கெனவே கழுவிய கையைக் கழுவினான்.
ஒன்று நாங்கள் போட்டது என்று சொல்லி
கல்லாவிலிருந்து நூற்றிருபது எடுத்து வைத்தேன்.
இன்னொன்றை ஸெஸ்தாஃபோனியில்தான் கேட்க வேண்டும்.
நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினாள்.
நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.
பதினைந்தைத் தனியாக, சில்லறையாக,
மேசையில் அடுக்கிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பழைய இரும்பு டப்பாவைக் கவிழ்த்து
போன மாதம் கழற்றிய சென்சாரைத் தேடி எடுத்தேன்.
துணியால் துடைத்து, மீட்டரில் மாட்டி,
அதன் மூக்கருகே ஸ்க்ரூடிரைவரை வீசினேன்.
முள் துள்ளியது.
திரும்ப வீசினேன், துள்ளியது.

கோச்சா, இங்கே வா என்றேன்.
ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தான்,
சத்தத்தில் கேட்கவில்லை போல.