நாலரைக் கிலோ

ரசீது இன்னும் என் இடுப்புப் பையில்தான் இருக்கிறது.
மடித்த இடத்தில் மீன் தண்ணீர் ஊறி
மசி பரவினாலும் எண்கள் தெரிகின்றன:
செம்புக் கம்பி நாலரைக் கிலோ, வார்னிஷ், கூலி,
ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து எண்ணூறு.
கீழே மணவாளன் கையெழுத்து,
வால் நீட்டிய ன்.

தடைக்காலம் முடிந்து மூன்றாவது போக்கு.
பதினெட்டு மைலில் வலை கிடக்கும்போது
விளக்குகள் ஏறி இறங்கினவாம்.
"மூச்சு வாங்குற மாதிரி, சித்தி" என்றான் தேசப்பன்.
அப்புறம் கருகல் வாடை.
அப்புறமும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது,
டீசல் குடித்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு.
கரண்டு மட்டும் வரவில்லை.

ஆறு பேர், செல்போன் வெளிச்சத்தில் வலை ஏற்றினார்கள்.
இரண்டு மணிக்கு ஒரு சரக்குக் கப்பல்
இவர்களைப் பார்க்காமலே பக்கத்தில் போனதை
அவன் என்னிடம் சொல்லவில்லை.
ஐஸ் உடைக்கிற பையன் சொன்னான்,
நாலு நாள் கழித்து, பல் குத்திக்கொண்டே.

"உப்புக் காத்துக்கா" என்றான் மணவாளன்.
"கடலுக்குப் போற சாமானுக்கு
நான் எப்படி கேரண்டி தர்றது?
ஓவர்லோடு போட்டிருப்பானுங்க."
சொல்லும்போது அவன் ஸ்பேனரைத் துடைத்தான்.
ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

முதுநகர் ரயிலடி தாண்டி பழைய இரும்புக் கடை.
சிக்கந்தர் பாய் சுருளை வெட்டி எடுத்து
ஒரு முனையை பிளேடால் சுரண்டினார்.
மேலே செம்பு நிறம்.
உள்ளே, வாளை மீன் வயிறு மாதிரி,
வெள்ளை.
"அலுமினியம்மா" என்றார். தராசில் போட்டார்.
ஒரு கிலோ அறுநூற்றைம்பது.
பிறகு, நான் கேட்காமலே, இன்னொரு முறை போட்டார்.

இருபத்திரண்டு வருஷமாகத் துறைமுகத்தில் ஏலம் விடுகிறேன்.
தட்டுக்கு அடியில் யார் விரல் எப்போது நுழையும்
எனக்குத் தெரியும்.
நானே ஐஸோடு சேர்த்து நிறுத்திருக்கிறேன்,
இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும்.
ஆனால் என் ஐஸ்
யாரையும் நடுக்கடலில் இருட்டில் விட்டதில்லை.

சத்தம் போடுவேன் என்று தெருவே காத்திருந்தது.
டீக்கடைக்காரன் ரேடியோவைக்கூடக் குறைத்தான்.
சுருளை மணவாளன் மேசையில் வைத்தேன்,
பாய் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை அதன் மேல்.
பழைய பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
"செம்பை என் எதிர்ல நிறு.
என் எதிர்ல சுத்து."

ஒரு கட்டுக்கு முப்பத்தெட்டுச் சுற்று. பதினெட்டுக் கட்டு.
நான் எண்ணினேன், ஏலக் குரலில்,
எனக்கு வேறு குரல் கிடையாது:
லாபம், ரெண்டு, மூணு, நாலு...
ஒவ்வொரு கட்டுக்கும் லாபத்தில் ஆரம்பித்தேன்.
ஐந்தாவது கட்டில் அவன் தாங்கமாட்டாமல்
"ஒண்ணுன்னு சொல்லுக்கா" என்றான்.
பழக்கம் விடுமா. லாபம் என்றேன்.

மதியம் அவன் மனைவி இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்தாள்.
எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.
தெரிந்தும் எனக்கு இரண்டு துண்டு மீன் வைத்தாள்.
சின்னப் பாறை, நேற்றைய சரக்கு.
சாப்பிட்டேன்.

பன்னிரண்டாவது கட்டில் தெருவே கரண்டு போனது.
அவன் செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டான்.
நான் என்னுடையதைப் பிடித்தேன்.
அந்த ராத்திரி படகில் இருந்த வெளிச்சமும்
இவ்வளவுதான் இருந்திருக்கும்.
அவனும் அதைப் பேசவில்லை, நானும்.

நடுவில் நிறுத்தி, வாயிலிருந்து போனை எடுத்து
"இருபத்தாறு" என்றான்.
"இருபத்தேழு" என்றேன்.
முறைத்தோம்.
பிரித்து, மறுபடி எண்ணினோம், விரலால், ஒவ்வொன்றாக.

அவன் சொன்னதுதான் சரி.
என் கணக்குப்படி விட்டிருந்தால்
ஒரு சுற்று குறைந்திருக்கும்.