நான்கு கிராம்

கிளைப்பேடா துறைமுகத்தில்
லாரிகளை நிறுத்தி நிறுப்பது என் வேலை.
உள்ளே வரும்போது ஓர் எடை,
வெளியே போகும்போது ஓர் எடை,
இடையில் உள்ள வித்தியாசத்துக்கு
நான் கையெழுத்துப் போடுகிறேன்.

இரவு ஷிப்டில் வண்டி வராத நேரம்
மேசைக்கடியிலிருந்து துணிப்பை வெளியே வரும்.
பொம்மை தைப்பவளுக்கு எல்லாமே புறம் மாறித்தான்.
நல்ல பக்கம் இரண்டையும் முகம் பார்க்க வைத்து
தப்பான பக்கத்தில் தைக்க வேண்டும்.
பிசிறும் முடிச்சுமாக ஒரு கால் கிடக்கும்.
விரல் நுழையாத வாய் வழியே
பென்சிலின் மொட்டை முனையால்
தள்ளித் தள்ளிப் புரட்டினால்
சட்டென்று ஒரு பாதம் எட்டிப் பார்க்கும்.
அந்த நொடிக்காகத்தான்.
வேறு காரணம் என்னிடம் இல்லை.

"பிள்ளை இல்லாத குறைக்கா?" என்றான்
கேட் காவலன் மிண்டவ்காஸ்.
அவன் மகனின் பிறந்தநாளுக்கு
நான் தைத்தது ஒரு மீசைக்காரத் திமிங்கலம்.
அதற்குப் பிறகு கேட்கவில்லை.

என்னிடம் ஏழு ஊசிகள்.
எண்ணாமல் எந்தப் பொம்மையும்
வீட்டை விட்டுப் போகாது.
எனக்கு இருக்கும் ஒரே சட்டம் அது.

அந்த ஞாயிறு எண்ணவில்லை.
எதிர்க் கட்டடத்து யோரே
மூன்று முறை அழைப்புமணி அடித்துவிட்டாள்.
சிவப்புக் கம்பளித் தலைமுடி,
அவள் கேட்டபடி பெரிய காதுகள்,
மூக்கு வேண்டாம் என்றும் அவள்தான் சொன்னாள்.
வாங்கிக்கொண்டு ஓடினாள்.
இரவு பத்தரைக்கு டப்பாவைத் திறந்தால்
ஆறு.
தலையைக் கழுத்தோடு சேர்க்கும் நீள ஊசி
இல்லை.

கோட்டைக் கூடப் பூட்டாமல் தெருவைக் கடந்தேன்.
கடல் காற்று மழையைப் படுக்கவைத்து அடித்தது.
கிந்தாரே வாயில் பல்துலக்கியோடு கதவைத் திறந்தாள்.
தூங்கும் குழந்தையின் கைக்குள்ளிருந்து
பொம்மையை உருவக் குனிந்தேன்.
விழித்துக்கொண்டாள்.
"அவளுக்கு உடம்பு சரியில்லையா?"

சமையலறைத் தராசில் வைத்தேன், பழக்கதோஷம்.
நூற்று எண்பத்தாறு கிராம்.
முப்பது டன்னுக்குப் பழகிய கண்ணுக்கு
ஓர் ஊசியை அதில் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை
வயிற்றின் மேல் மெல்ல நகர்த்தினேன்.
தோள். கழுத்து. காதுகள்.
எங்கும் இழுக்கவில்லை.
அதை நம்பிக்கொண்டு
வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியுமா?

முதுகைப் பிரித்தேன்.
என் சாம்பல் ஸ்வெட்டரை அவிழ்த்துத் திணித்த கம்பளி,
உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றையும்
விரலிடுக்கில் நசுக்கி மேசையில் வைத்தேன்.
யோரே ஒரு பக்கம் கம்பளிக் குவியலைப் பார்த்தாள்,
மறுபக்கம் தட்டையான துணியைப் பார்த்தாள்.
"இப்ப அவள் எதில் இருக்கிறாள்?"

"இரண்டுக்கும் நடுவில்" என்றேன்.
அது பதில் இல்லை என்று
அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஊசி இல்லை.

திரும்பத் திணித்தது யோரேதான்.
முக்கால்வாசி ஆனதும்
"ரெண்டு பேரும் ஜன்னலைப் பாருங்க" என்றாள்.
பார்த்தோம். தெருவிளக்கில் மழை.
பிறகு கிந்தாரேயின் ஊசியால் மூடினேன்.
மறைதையல் வரவில்லை, கை நடுங்கியது.
முதுகில் ஒரு தழும்பு.

வீட்டில் கோட்டைக் கழற்றினேன்.
என் மார்பில், ஸ்வெட்டரில் குத்தியபடி,
சிவப்பு நூல் வால் தொங்க
அது இருந்தது.
தெருவில், படிக்கட்டில்,
அந்தக் கட்டிலின் மேல் குனிந்தபோது
அவள் கண்ணுக்கு அரை சாண் உயரத்தில்.
வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது.
தைத்து முடித்துக் கிளம்பும்போது
மறுபடியும் தராசில் வைத்தேனே.
நூற்றுத் தொண்ணூறு.

அந்த வாரம் விழுந்த முன்பல்லா?
பல் அவ்வளவு கனக்காது.
புயலுக்குப் பின் கரையில் பொறுக்கிய அம்பரா,
கோட்டுப் பொத்தானா, திருகாணியா.
கேட்கவில்லை.

மறுநாள் இரவு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்.
வித்தியாசம்: நான்கு கிராம்.
சரக்கின் பெயர்:

வெளியே ஹாரன்.
மரக்கட்டை ஏற்றிய வண்டி,
ஈரப் பட்டையின் வாசனையோடு.
டிரைவர் பொறுமையில்லாதவன்.
கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு
எழுந்தேன்.