இன்று என்ற பொத்தான்

கார்டில் மென்பொருள் ஆலோசகர் என்றுதான் இருக்கிறது.
அழகாபுரத்தில் மாடியறை. கீழே பஞ்சர் கடை.
கம்ப்ரெசர் ஓடும் நேரம்
கிளையண்ட் அழைப்பில் மைக்கை அணைத்துவிடுவேன்;
யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்காரருக்குத்
தளம் திறந்ததும் சலங்கை ஒலிக்க வேண்டுமாம்.
மூன்று முறை மறுத்தேன். நான்காம் முறை
ஒலிக்க வைத்து, அணைக்க ஒரு பொத்தானும் வைத்தேன்.
முதலில் அதை அழுத்தியவர் அவர்தான்.
ஜவ்வரிசி ஆலைக்காரரிடம்
உங்களுக்குத் தளமே வேண்டாம், வாட்ஸ்அப் போதும் என்றேன்.
அந்த ஆலோசனைக்குக் கட்டணம் வரவில்லை,
ஒரு கிலோ ஜவ்வரிசி வந்தது.

ஏற்காட்டில் ரோசலின் அக்காவின் விடுதி மட்டும்
அடியிலிருந்து நான் கட்டியது.
நாகலூர்ப் பாதையில், காப்பிச் செடிகளுக்குள் நாலு அறை.
சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்கும்படி
படங்களை இளைக்க வைத்தேன்.
அவசரக்காரர்களுக்கு ‘இன்று’ என்று ஒரு பச்சைப் பொத்தான்.
பதினொரு மாதம் ஒரு குறையும் இல்லை.

கார்த்திகையில் ஒரு காலை, ஆறு மணி.
“ஏம்மா கோகிலா, ஒருத்தர் பைக்குல வந்து நிக்கிறாரு.
தொப்பலா நனைஞ்சிருக்காரு. கையில பைகூட இல்ல.
இன்னைக்குத்தான் போட்டேங்கிறாரு, இங்க நேத்துனு காட்டுது.”
உள்ளே கூப்பிட்டீர்களா என்றேன்.
“பின்ன? கம்ப்யூட்டர் சொல்லட்டும்னு நிக்க வெப்பனா?”

பல் துலக்காமல் பதிவேட்டைத் திறந்தேன்.
அவர் அழுத்தியது இரவு இரண்டு பத்து.
செர்வர் கிரீன்விச் கணக்கில் வாழ்கிறது,
நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.
நம் நள்ளிரவு தாண்டி ஐந்தரை வரைக்கும்
அதற்கு இன்னும் நேற்று முடிவதில்லை.
முதல் வருட ஜூனியர் செய்யும் பிழை.
பெங்களூரில் ஆறு வருடம்
இதையே அடுத்தவர் கோடில் சுட்டித் திருப்பி அனுப்பியவள் நான்.

அவரையும் சேர்த்து ஏழு பேர்.
ஒன்று பதினைந்து. மூன்று நாற்பது. நாலு ஐந்து.
பகலில் வந்த நானூற்றுச் சொச்சம் பேருக்கும் சரியாக இருந்த தளம்
தூங்காதவர்களுக்கு மட்டும் தவறியிருக்கிறது.
எங்காவது போக வேண்டும், இன்றைக்கே, என்று
இருட்டில் பச்சையைத் தொட்டவர்களை
முடிந்துபோன நாளுக்கு அனுப்பியிருக்கிறேன்.
ரசீதில் தேதி பார்த்து, பேசாமல் படுத்திருப்பார்கள்.
ஒருவர் மட்டும் பணம் திரும்ப வருமா என்று கேட்டு,
பதிலுக்கு முன்பே
‘பரவாயில்லை’ என்றும் எழுதியிருந்தார்.

திருத்தம் ஒரே வரி.
ஆறு பேருக்கு எழுதிய மன்னிப்பு அதைவிட நீளம்,
அதில்தான் நாலு முறை அழித்து எழுதினேன்.

பைக்காரர் சாயங்காலம் வரை தூங்கினாராம்.
மிளகுக் கொடிப் பக்கம் நின்று யாரிடமோ
ரொம்ப நேரம் பேசினாராம்.
இருபது கொண்டை ஊசி வளைவும் பனியில் எதற்காக ஏறினார்,
நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

செர்வர் கடிகாரத்தை ஏமாற்றியும் சோதிக்கலாம்.
நான் விழித்திருந்தேன்.
ஐந்து ரோட்டில் லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம்.
இரண்டு பத்து.
என் பெயர், என் எண், ஒரு நபர்.
இன்று.
சரியான தேதி விழுந்தது. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

எட்டரைக்கு ரோசலின் அக்கா:
“மூணாம் நம்பரைக் கூட்டி வெச்சாச்சு. எப்ப வர்ற?”
சோதனைப் பதிவு அக்கா, அழிக்க மறந்துவிட்டேன் என்றேன்.
“இருக்கட்டுமே. ரெண்டு மாசப் பாக்கி நிக்குதுல்ல,
அதுல கழிச்சுக்கலாம்.”

கீழே கம்ப்ரெசர் ஓடத் தொடங்கியது.
மைக்கை அணைத்தேன்.
யோசிக்கிறாள் என்று அக்கா நினைத்திருப்பார்.
யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.