நாய் குரை

மூன்று தட்டு முட்டை. தொண்ணூறு.
கரியரில் பழைய ரியூப் வெட்டிக் கட்டியிருந்தேன்.
பாலிநகர் ஏற்றத்தில் எழும்பி நின்று மிதிக்க
செயின் ஒருதரம் நழுவிப் பிடித்தது.
டக்.
இருட்டில் ஒரு படி தவறின மாதிரி.
மல்லாவி பேக்கரியில் எண்ண
எண்பத்து நாலு.
உடைந்த ஆறையும் சோடாப் போத்தலில் வார்த்து
"பொரிச்சுச் சாப்பிடுங்கோ அக்கா" என்று
சுகிர்தன் தந்தான்,
காசைக் கழித்துக்கொண்டு.

பின்னேரம் சயிக்கிளைக் கவிழ்த்து வைத்து
விதுசாவின் அடிமட்டத்தை வாங்கி
ஆணியிலிருந்து ஆணிக்குப் பிடித்தேன்.
பன்னிரண்டு அங்குலத்தில் நிற்க வேண்டிய ஆணி
அடிமட்டத்துக்கு வெளியே போய் நின்றது.

செயின் இழுபடுவதில்லையாம்.
இரும்பு இருந்தபடிதான் இருக்குமாம்.
ஒவ்வோர் ஆணியும் தன் ஓட்டைக்குள்
மயிரளவு தேயும்,
நூற்றுப் பன்னிரண்டு மயிர் சேர்ந்தால்
ஒரு தொய்வு.
போனில் ஒரு பெடியன் ஹிந்தியில் காட்டினான்.
பாஷை விளங்கவில்லை. விரல் விளங்கியது.

மல்லாவிக் கடையில் "வரும்" என்றார்கள்.
போன கிழமையும் "வரும்"தான்.
குளக்கட்டில் ஏறினால் நாலு கோடு சிக்னல்.
அங்கே குந்தியிருந்து ஓடர் போட்டேன்:
செயின் ஆயிரத்து நானூற்றைம்பது,
கொண்டுவரக் கூலி நானூறு.
வீட்டிலக்கம் கேட்டது.
எங்கள் வீட்டுக்கும் ஒன்று இருக்கிறது,
வீட்டுத்திட்டக்காரர் சுவரில் எழுதியது.
ஏழு மாரி கழுவி
மூன்றா எட்டா என்று எனக்கே தெரியாது.
வீதிப் பெயர் கேட்டது.
இரண்டாம் வாய்க்கால் என்று போட்டேன்.
பக்கத்து அடையாளம் கேட்டது.
மதகு தாண்டிப் பாலைமரம் இரண்டு,
பிறகு ஆட்கள் திரும்பி வராத வீடு, கூரை இல்லை,
அதற்கு முன்பக்கம் நாய் குரைக்கும் படலை
என்று எழுதிக்கொண்டு வர
இடம் முடிந்தது எனச் சிவப்பாய்க் காட்டி
"நாய் குரை"யோடு நின்றுவிட்டது.

ஆறாம் நாள் படலையில் ஒரு மோட்டச்சயிக்கிள்.
வவுனியாப் பெடியன், சிங்களம் கலந்த தமிழ்,
பொதியைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டுக் கேட்டான்:
"அக்கா, நாய் குரை இங்கயா?"
நாய் தானே பதில் சொன்னது.

நாலு கண்ணி கூட இருந்தது.
கொங்கிறீட் ஆணி ஒன்றைக் குத்தி வைத்து
கிணற்றுக்கட்டில் வைத்து அடித்துக் கழற்றினேன்.
மீன்வால் கிளிப்பின் மூடின பக்கம்
ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டுமாம்.
மாறிப் போட்டு, கழற்றிப் போட்டு,
ஒருக்கால் பறந்துபோய்க் கோழிக்கூட்டுக்குள் விழ
பேடொன்று அதைக் கொத்த முதல் பிடுங்கி எடுத்து
தையல் மெசின் எண்ணெய் விட்டேன்.

முற்றத்தில் நெய்யாய் ஓடியது.
ஏற்றத்தில் மிதித்தேன்.
டக். டக். டக்.
பழையதைவிட மோசம்.

பின்சில்லின் பல்லை விரலால் தடவினேன்.
ஒருபக்கம் சாய்ந்து கொழுக்கியாய்க் கிடந்தன.
பழைய செயின் தொய்யத் தொய்ய
அதற்கு இடம்விட்டு இடம்விட்டுத் தேய்ந்த பற்கள்.
சரியான அளவோடு வந்த புதுக்கண்ணி
இருக்க இடமில்லாமல்
மேலே ஏறி வழுக்குகிறது.

போன ஆனியில் கட்டாரால் வந்து நின்ற மாதம் முழுக்க
குசினிக்குள் எங்கே நிற்பதென்று தெரியாமல்
என்ர மனுசன் கதவோடு நின்றது
ஏனோ நினைவு வந்தது.
நானும் ஒருநாள்
"அங்கால தள்ளுங்கோ" என்றுதான் சொன்னேன்.

புதுச்செயினை எண்ணெய்த் துணியில் சுற்றி
ஆணியில் மாட்டினேன்.
இருட்டுப்பட முதல் குளக்கட்டுக்கு நடந்து
பிறீவீல் ஒன்று, பதினெட்டுப் பல்.
அடையாளத்துக்கு இந்தமுறை
இரண்டே சொல் எழுதினேன்.

அது வரும்வரைக்கும் பழைய செயின்தான்.
நாளைக்கு இரண்டு தட்டு மட்டும் கட்டுவேன்.
ஏற்றத்தில் இறங்கி உருட்டுவேன்.