எண்ணெய்க்கடியில் பூண்டு

ஈசூன், பதினோராம் மாடி.
ஐந்து நாளாய் அடுப்பு மேடையில்
எண்ணெயில் மூழ்கிக் கிடந்தது பூண்டு.
பொன்னிறம். வாசனை
மின்தூக்கி வரைக்கும் போயிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்று
தோசைத் தட்டோடு வந்து நின்றார் தயாளன்.
நல்லாத்தான் இருந்தது.
அதுதான் பயம்.
காற்றுப் புகாத இடத்தில் பிறக்கும் நஞ்சுக்கு
நாற்றமில்லை,
நாக்குக்கும் பிடிபடாது என்று
முந்தின இரவுதான் படித்திருந்தேன்.

பூஞ்சை எவ்வளவோ நேர்மை.
போன மாதம் மாங்காயின் மேல்
வெள்ளையாய் ஏறி உட்கார்ந்து
வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டது.

பூண்டைப் பையில் இறுக்கிக் கட்டிக்
குப்பைக்குழாயில் விட்டேன்.
அது கீழே போய்ச் சேரும் சத்தம் வரை நின்றேன்.
எண்ணெய் விலை ஞாபகம் வந்தது.

இன்று, எதிர்வீட்டு ரோஸ்னா
தாழ்வாரத் தொட்டியில் பறித்துத் தந்த லிமாவ்.
போத்தல் கொதிக்கிறது, மூடியும் கொதிக்கிறது.
வினிகரைக் கண்ணளவில் ஊற்றுவதை விட்டாயிற்று.
சாற்றில் நனைத்த காகிதத் துண்டு
மெல்ல நிறம் மாறுகிறது;
அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறேன்:
மூன்று.
மூன்றென்றால் புளிப்பு.
புளிப்பென்றால் தூங்கலாம்.

மூடியில் தேதி எழுதிக்
குளிர்பெட்டியில் வைக்கும்போது
"எத்தனை நாள் ஆகும்?" என்கிறார்,
இன்றும்
கையில் தட்டு.