ஸ்வீட் என்பது ஒருவர் பெயர்

முதலில் வேர்க்குரு என்றார்கள்.
வேலூர் வெயிலில் வேறென்ன வரும்.
பிறகு அம்மை. வாசலில் வேப்பிலை.
மூன்று தண்ணீர் ஊற்றியும் இறங்கவில்லை.
குயவர் வந்து காவி குழைத்து
முழங்கையில் அக்கி எழுதினார்.
அவர் வரைந்த சிங்கம்
என் நூற்றிரண்டு டிகிரியில் வியர்த்து
வாலிலிருந்து அழிந்தது.

கம்பெனி டாக்டர் குரோம் அலர்ஜி என்றார்.
"ஷூவுக்குத் தோல் தைக்கிறவளுக்குத்
தோலில்தானே வரும்?"
கையுறை கொடுத்தார்கள்,
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லோரும் ஒரே குரலில் நிறுத்தச் சொன்னது
கத்திரிக்காயை.
கொல்லையில் இலவம்பாடி முள்ளுக்கத்திரி
காய்த்து, முற்றி, மாட்டுக்குப் போனது.
மாட்டுக்கு ஒன்றும் வரவில்லை.

ஆற்காடு ரோட்டு ஆஸ்பத்திரியில்
டோக்கன்காரர் என்னை "தீதி" என்றார்.
ஐயா, நான் அணைக்கட்டு வேதவல்லி.
கடுகெண்ணெய் மணக்கும் அந்தத் தெருவில்
நான்தான் வெளியூர்.

ஜெசிந்தா என்கிற சின்ன டாக்டர்
ஒவ்வொரு தடிப்பாக அழுத்தினார்.
"அரிக்குதா?"
"இல்லை, வலிக்குது."
பேனா நின்றது.
"இந்த மடிப்புல இருக்கிறது எப்போ வந்தது?"
"புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை அங்கதான் ரத்தம் எடுத்தாங்க."
என்னிடம் கிழமை கேட்ட முதல் ஆள்.

மிளகளவு வெட்டி எடுத்தார்கள்.
ஒரு நாளைக்கு நானூறு துண்டு தோல் பார்ப்பவள்
எட்டிப் பார்த்தேன்.
ரெண்டாம் ரகம். ஏற்றுமதிக்கு ஆகாது.

ஐந்தாம் நாள்,
கிருமி எதுவும் இல்லாத இடத்தில்
வெள்ளணுக்கள் கூட்டம் கூடியிருப்பதாகச் சொல்லி
"ஸ்வீட்" என்றார்.
"எனக்குச் சுகர் இல்லையே டாக்டர்."
சிரித்துவிட்டார். அது ஒரு டாக்டர் பேராம்,
இதை முதலில் எழுதி வைத்தவர்.
சில சமயம் இதற்குப் பின்னால்
ரத்தப் புற்று இருக்கும் என்பதை மட்டும்
சிரிக்காமல் சொன்னார்.

இடுப்பெலும்பில் மஜ்ஜை.
முடிவுக்குப் பதினோரு நாள்.
தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன்.
தினமும் காலையில் வெள்ளை மாத்திரை,
நாக்கில் பட்டால் எட்டிக்காய்.
மூன்றாம் நாளே காய்ச்சலைக் காணோம்.
ஒன்பதாம் நாள் கையில்
நம் பாலாறு மாதிரி
ஓடின தடம் மட்டும் இருந்தது.

மஜ்ஜையில் ஒன்றுமில்லை என்று
அவர் சொன்னதும்
எனக்கு ஏனோ கோபம் வந்தது, அழவில்லை.

மாத்திரை தன் வேலையைக் காட்டியிருந்தது.
சுகர் இருநூற்று அறுபது.
"இப்போ நிஜமாவே ஸ்வீட்" என்றேன்.
இந்த முறை அவர் சிரிக்கவில்லை.
அளவு குறைத்து எழுதினார்.
இனிப்பு கூடாது, சோறு பாதி,
கிழங்கு தொடவே வேண்டாம்.

"கத்திரிக்காய்?"

சீட்டிலிருந்து நிமிராமல்,
"யாரு வேணாம்னது?"