பதினைந்து இடம்

பாய் சொன்னார்:
"எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவா போடும்மா,
ரிஜிஸ்தர் பார்க்க லட்சணமா இருக்கணும்."
காந்தி ரோட்டில் அவர் லாட்ஜ்.
முப்பத்தொரு அறை, முப்பத்தொன்றிலும்
ஸ்கேன் கவர் மாட்ட ஓர் ஆணி.

பின்கோடு ஆறு இலக்கம்.
வேலூரோ சிலிகுரியோ, கூடாது குறையாது,
அளந்து அடித்த பெட்டி போதும் அதற்கு.
ரத்த வகைக்கு மூன்று இடம்
(நடு ராத்திரியில் யாருக்காவது வேண்டியிருக்கும் என்று
பாய் எல்லாரிடமும் கேட்டு வைப்பார்).
ஓ பாசிட்டிவ் வந்தால் ஒன்று காலியாய்க் கிடக்கும்.
கிடக்கட்டும்.

ஊர்ப் பெயருக்குப் பதினைந்து விட்டேன்.
போளூர் ஆறிலேயே முடிந்துவிட
மிச்சம் ஒன்பதையும்
வெறும் வெளியால் நிரப்பிக்கொண்டது இயந்திரம்.
வீண் என்று தோன்றவில்லை.
காட்பாடிப் பாலத்தில் தினமும் பார்ப்பதுதானே,
அத்தனை அகலம், அத்தனை மணல்,
ஓரமாய் ஒரு நூல் தண்ணீர்.
கரையைக் கிட்டே இழுத்துக் கட்டலாமே என்று
யாரும் கேட்பதில்லை,
ஒரு கார்த்திகையில் பாலாறு
தன் இடம் முழுவதையும் கேட்டு வந்ததிலிருந்து.

பிறகு பச்சையம்மாள் வந்தாள்,
புருஷனைக் கைத்தாங்கலாய்ப் பிடித்துக்கொண்டு,
கீழ்க்கொடுங்காலூரிலிருந்து.
கண்ணுக்கு ஒன்பது எழுத்து.
இயந்திரம் கொம்பையும் காலையும் புள்ளியையும்
தனித்தனியாய் எண்ணிப் பதினெட்டு என்றது.
பதினைந்தில் வெட்டியது.
ரசீதில், கீழ்க்கொடுங்கால.
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு
"எங்க ஊருக்கு வாலு இருக்குதும்மா" என்றாள்.

அன்று ராத்திரியே அந்தப் பத்தியை
நீளத்துக்குத் தக்கபடி விரிய வைத்தேன்.
இப்போது ஒவ்வோர் ஊரும்
தன் அளவை முன்னால் சொல்லிவிட்டு உள்ளே வருகிறது.
பின்னால் ஒரு வெற்றிடம் கிடையாது.
என்றைக்காவது திருத்தி நீண்டால் மட்டும்
இருந்த இடம் போதாமல்
வேறு பக்கத்துக்குக் குடிபோகும்,
பழைய இடத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு.
ஏழாம் நம்பரிலிருந்து இருபத்திரண்டுக்குப்
பச்சையம்மாள் ஸ்டவ்வோடு மாறியதைப் போல.

தங்கும் நாள் என்ற பத்தியை மறந்தே போனேன்.
இரண்டு இலக்கம்.
ஒன்பது நாள் என்றுதான் எழுதினார்கள் அவர்கள்.
தை பாதி போயிருக்கும்.
கீழே இருந்து தேவகிருபை குரல்:
"அக்கா, இருபத்திரண்டுக்கு இன்னிக்கு நூறு.
எடுக்க மாட்டேங்குது."

மூன்றாக்கினேன்.
நாலும் வைத்திருக்கலாம்,
செலவில்லை, ஒரு வரி வேலை.
வைக்கவில்லை.